தானாகப் படுத்த சாம்பியன்

சாம்பியன் பெல்ட் இன்று எதிராளி கிப் பிராண்டுக்குப் போகிறது என்று மத்தியானமே சொல்லிவிட்டார்கள். வெர்லன் டட்டிலுக்கு அதில் வருத்தமில்லை. மல்யுத்த மேடையில் இத்தனை வருஷமும் சொன்னபடி ஜெயித்தவன், சொன்னபடி தோற்றவன். எப்படித் தோற்க வேண்டும் என்று முதலாளி ஹாட்லி சொன்னபோதுதான் அவனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"கிப் உன்னைத் தலைகீழாத் தூக்கி இறக்குவான். டெல்மருக்குப் போட்டானே, அதே பிடி. அதைப் பாக்கத்தான் ஜனங்க வீட்டுல காசு கட்டி டிவி முன்னால உக்காந்திருக்காங்க."

"அந்தப் பிடியிலதான என் சிநேகிதன் டெல்மர் கழுத்து முறிஞ்சுது! கிப் சரியாப் பிடிக்கத் தெரியாம நழுவ விட்டான். டெல்மர் இன்னும் படுக்கையில கெடக்கான். அதையே விக்கிறீங்களா? வெக்கமா இல்ல?"

"வியாபாரத்துல என்னப்பா வெக்கம்? போய் பூட்ஸ மாட்டு."

க்ரீன்ஸ்பரோ நகர அரங்கம் நிரம்பி வழிந்தது. கிப் கழுத்தில் ஆஸ்பத்திரிப் பட்டையை மாட்டிக்கொண்டு, டெல்மரைப் போலத் தலையைத் திருப்ப முடியாதவனாக நடித்தபடி வந்தான். கூட்டம் ஊளையிட்டது. சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வெர்லனைச் சுட்டது.

மணி அடித்தது. கொஞ்ச நேரம் பழகி வைத்தபடி மோதினார்கள். பிறகு கிப் அவன் இடுப்பை வளைத்துக் காதோரம் முணுமுணுத்தான்.

"இப்பத் தூக்கறேன். உடம்ப லேசா விடு."

"கைய எடுடா."

வெர்லன் அவனைத் தள்ளிவிட்டு, மேடை நடுவில் தானாகவே மல்லாந்து படுத்தான். "பெல்ட்தான வேணும்? எடுத்துக்கோ. ஆனா தூக்க விடமாட்டேன்."

கிப் திருதிருவென்று விழித்தான். பட்டும் படாமலும் அவன் மார்பில் கை வைத்தான். நடுவர் மூன்று எண்ணி, கிப் ஜெயித்ததாக அறிவித்தார். ஏமாந்த கூட்டம் வீசிய காகிதக் கோப்பைகள் மேடைக்குப் பறந்து வந்தன.

உள்ளே ஹாட்லி கத்தினார். "நாசம் பண்ணிட்டியே! இனி நீ எந்த மேடையில ஏறுறேன்னு பாக்கறேன்!"

வெர்லன் அவரைத் தாண்டிப்போய், நடைவழியிலிருந்த போனில் டெல்மரை அழைத்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன். ஏண்டா படுத்த?"

"உனக்காகத்தான்..."

"நான் படுத்துக் கெடக்கறது போதாதா? நீயும் படுக்கணுமா? அவன் மூஞ்சியப் பேத்திருக்க வேணாமா?" டெல்மரின் குரல் உடைந்தது. இணைப்பு அறுந்தது.

கிப்பின் அறைக்குள்ளிருந்து பாட்டில் திறக்கும் சத்தம், சிரிப்பு. வெர்லன் கதவைத் தட்டவில்லை. தோளால் இடித்துத் திறந்தான். நாலு பேர் ஓடிவந்து பிடித்து இழுத்தார்கள். அதற்குள் கிப்பின் மூக்கு உடைந்திருந்தது. அப்போதும் வெர்லனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.