துக்க வீட்டுத் தாழ்ப்பாள்

லியோன் தாழ்ப்பாளை நீக்கிவிட்டுப் போவான். அவன் முதுகு மறைந்ததும் ஃப்ரேய்டா எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வருவாள். அவள் கணவர் ஹெனெக்கை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து தாய்க்கும் மகனுக்கும் இதே வேலையாக இருந்தது.

"மம்மா, துக்க வாரத்துல கதவைப் பூட்டக்கூடாது. வர்றவங்க தட்ட மாட்டாங்க. தள்ளிக்கிட்டு உள்ள வருவாங்க. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். காத்தடிக்குது."

மெல்போர்னில் ஜனவரி மாதம். ஒரு இலை அசையவில்லை. கிட்டெல் விசிறிக்கொண்டே சிரித்தாள். போலந்தில், ராதோம் நகரில், அவளும் ஃப்ரேய்டாவும் ஒரே தெரு.

"ஆமாடா லியோன், பனிக்காத்து. எனக்கே விறைக்குது. ஏன்டி, உன் வெள்ளி ஸ்பூனை எவன் தூக்கப் போறான்? உன் புருஷன் வாங்கிப் போட்டதெல்லாம் தகரம்."

ஃப்ரேய்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் யூத ஜெப ஆலயச் சுவரில் யாரோ நாஜிச் சின்னத்தை வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். சின்னப் பையன்கள் வேலை என்றார் போலீஸ்காரர். ஆஸ்பத்திரியில் கிடந்த ஹெனெக்கிடம் மட்டும் அதை யாரும் சொல்லவில்லை.

சாயங்காலத் தொழுகைக்கு ஆண்கள் வந்தார்கள். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பத்தாவது ஆள் வந்தால்தான் லியோன் தகப்பனுக்காகக் கதீஷ் என்ற இறந்தோர் ஜெபத்தைச் சொல்ல முடியும். ஹெனெக்கின் சிநேகிதர் பிங்கஸ் வருகிறேன் என்றிருந்தார். லியோன் தொழுகைப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஃப்ரேய்டா மறுபடி தாழ்ப்பாளைப் போட்டாள். உட்கார முடியாமல் ஜன்னலோரம் போய் நின்றாள்.

அப்போதுதான் தொப்பியைப் பார்த்தாள். பிங்கஸ் கேட்டைத் தாண்டி, டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். திறக்கவில்லை. துக்க வீட்டில் தட்டுகிற மனிதர் இல்லை அவர்.

ராதோமில் அவளுடைய அம்மா இறந்த வாரம். அப்பாவும் தம்பிகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முறைப்படி கதவு பூட்டாமல் கிடந்தது. துப்பாக்கியோடு வந்த நாஜிகளும் தட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். கொல்லைப்புறம் தண்ணீர் எடுக்கப் போயிருந்த ஃப்ரேய்டா ஒருத்திதான் மிஞ்சினாள். அந்தத் திறந்த கதவைப் பற்றி ஹெனெக்கிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு ராத்திரியும் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பார்.

"பொழுது இறங்குது. பிங்கஸை இன்னும் காணோமே," என்றான் லியோன்.

"வந்துட்டுத் திரும்பிப் போறார். நான்தான் பூட்டினேன்."

"மம்மா! பப்பாவோட கதீஷ்..."

அவன் முடிப்பதற்குள் அவள் தாழ்ப்பாளை இழுத்துவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தாள். செருப்பு இல்லை, காலுறைதான். "நீ வெளிய போகக்கூடாது!" என்று மகன் கத்தியது பின்னால் கேட்டது. நடைபாதை சுட்டது.

"பிங்கஸ்! நில்லுங்க!"

அவர் திரும்பிப் பார்த்துத் திகைத்தார். "என்னம்மா இது, துக்கக்காரி ரோட்டுல! கதவு பூட்டியிருந்துச்சு. வேற எங்கேயோ கூடுறாங்கன்னு நினைச்சேன்."

"ஒரு தட்டு தட்டியிருக்கலாமே."

"துக்க வீட்டுலயா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"பூட்டினது நான்தான். வாங்க."

அவரும் போலந்துப் பக்கத்திலிருந்து வந்தவர்தான். அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்து நடையை எட்டிப் போட்டார்.

வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. தெருவில் போகிற எவனுக்கும் உள்ளே நிற்பவர்களின் முதுகு தெரியும். உள்ளே நுழைந்த பிங்கஸ் பழக்கத்தில் கதவைச் சாத்தக் கை நீட்டினார்.

"விடுங்க. வேற யாராவது வரலாம்," என்றாள்.

தொழுகை தொடங்கியது. அவள் ஒரு முக்காலியை நடையில் இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"அங்க என்னடி பண்ற? வெயில் நேரா மூஞ்சில அடிக்குது," என்றாள் கிட்டெல்.

"அடிக்கட்டும். வர்றவன் முதல்ல என்னைப் பார்க்கட்டும்."

லியோனின் குரல் கதீஷில் இரண்டு இடத்தில் தடுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. வெளியே ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. உள்ளே எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஃப்ரேய்டா தன் ஆமெனைச் சொன்னாள்.