பச்சை காட்டிய வரி

எங்கள் ஆபீசில் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேர் கம்ப்யூட்டரிலும் நான் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

புரோகிராம் எழுதும் நாங்கள் நாள் முழுக்க ஒரு கறுப்பு ஜன்னலில் கட்டளை அடிப்பவர்கள். அடுத்த கட்டளைக்காக அது காத்திருக்கும் வரிக்கு நான் நிறம் பூசினேன். எழுதியதை கமிட் செய்யாமல், அதாவது பதிந்து வைக்காமல் இருந்தால் அந்த வரி சிவப்பு. பதிந்துவிட்டு சர்வருக்கு அனுப்பாமல் இருந்தால் மஞ்சள். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் பச்சை. "பச்சை வந்தாத்தான் வீட்டுக்கு" என்று மேனேஜரே சொல்ல ஆரம்பித்தார். சிவப்போடு எழுந்து போகப் பார்ப்பவனைக் கேலி செய்தே திரும்ப உட்கார வைத்துவிடுவோம்.

ப்ராஜெக்ட் பெருத்ததும் ஒரு தொல்லை வந்தது. ஒவ்வொரு தடவை என்டர் தட்டும்போதும் ஸ்கிரிப்ட் எல்லா ஃபோல்டரையும் துழாவிவிட்டு, மூன்று விநாடி கழித்துத்தான் வரியைக் காட்டியது. "உங்க கலர் வர்றதுக்குள்ள என் தலை நரைச்சிரும் போல" என்று டெஸ்டிங் பார்க்கும் பெண் சொன்னாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே மாற்றினேன். ஏற்கெனவே கமிட் ஆன ஃபைல்களை மட்டும் பார், புதிதாக முளைத்தவற்றைத் தேடாதே என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லிவிட்டேன். வரி கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். புது ஃபைலைச் சேர்க்க எவனாவது மறப்பானா என்று நினைத்து, செய்த மாற்றத்தை யாரிடமும் சொல்லவில்லை.

மறந்தவன் என் மச்சான்.

மனைவியின் தம்பி. ஏற்கெனவே இரண்டு வேலை போய் வந்தவனை நான்தான் சிபாரிசு செய்து இங்கே சேர்த்தேன். வேலை படு சுத்தம். வேகம் கிடையாது, வாயும் கிடையாது. ஆபீசில் அவனுக்கு நத்தை என்றே பெயர். பழைய மருத்துவமனைப் பதிவுகளைப் புது வடிவத்துக்கு மாற்றும் பகுதியை அவனிடம் கொடுத்தபோது, "இதை நேரத்துக்கு முடிச்சா இருங்க, இல்லேன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "இந்த வேலையாவது அவனுக்கு நிலைக்குமாங்க?" என்று என் மனைவி தினமும் என்னைக் கேட்பாள்.

ஆறு வாரம் ஒரு புது ஃபோல்டரில் உட்கார்ந்து எழுதினான். தனியாக ஓடும் பகுதி அது, கடைசி வாரம்தான் மற்றதோடு இணைப்போம். அதனால் அது சர்வரில் இல்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. தினமும் சாயங்காலம் கமிட் அடித்தான். அவன் அடித்த கட்டளை ஏற்கெனவே தெரிந்த ஃபைல்களை மட்டும்தான் அள்ளிக்கொண்டு போகும். புது ஃபோல்டரை ஒருமுறை தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பழைய ஸ்கிரிப்டாக இருந்தால் முதல் நாளே சிவப்பு காட்டி அவனை உலுக்கியிருக்கும். என்னுடையது முப்பது நாளும் பச்சை காட்டியது.

அப்போதுதான் எல்லோருக்கும் புது லேப்டாப் வந்தது. சிஸ்டம்ஸ்காரர் மேஜை மேஜையாக வந்து, "பச்சையா? சரி" என்று டிக் அடித்துவிட்டு, பழையதை அங்கேயே துடைத்து அழித்தார். மச்சானும் பச்சை காட்டினான். மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தான், என் ஃபோல்டரக் காணோம்."

"ஒழுங்காப் பாத்தியா?"

"மூணு தடவை இறக்கிட்டேன். சர்வர்லயே இல்ல. பச்சையாத்தான அத்தான் இருந்துச்சு?"

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வாய் மட்டும், "இரு, பாக்கலாம்" என்றது.

மதியம் மேனேஜர் அறையில் நாங்கள் மூன்று பேர். "எல்லாருக்கும் அதே கலர்தான். உங்களுக்கு மட்டும் எப்படிப் போச்சு?" என்று அவனைக் கேட்டுவிட்டு மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஸ்கிரிப்ட்ல ஏதாவது கோளாறா?"

அடுத்த மாதம் டீம் லீடர் பதவிக்கு என் பெயரைத்தான் சொல்லி வைத்திருந்தார்கள். பெரிய காரணமெல்லாம் இல்லை, அதுதான் காரணம்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தபடி, "சேர்க்காம விட்டது என் தப்புதான்" என்றான். வெள்ளிக்கிழமையோடு அவனை நிறுத்தினார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மூன்று நாளாக எனக்குச் சோறே இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் பையை நானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கூடப் போனேன். அந்தப் பை தூக்குவதில் என்ன பாவம் கழியப் போகிறதோ.

"உங்க ஸ்கிரிப்டத் திறந்து பாத்தேன் அத்தான்" என்றான்.

"எப்ப?"

"மீட்டிங்குக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன்டா அங்க சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பஸ் வந்தது. பையை வாங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டான்.

வீட்டில் மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள். "மூணாவது வேலை! ஒரு பச்சை, சிவப்பு பாத்து வேலை செய்யத் தெரியாதா? உங்க மானமும் சேர்ந்துல்ல போச்சு!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இனியும் தாங்காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கிரிப்டை மாற்றியது, மறைத்தது, மேனேஜர் கேட்டபோது பொய் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அவனுக்காக நீங்க ஏன் பழிய ஏத்துக்கறீங்க?"

"நிஜமாத்தான் சொல்றேன்."

"போதும் விடுங்க. உங்கள எனக்குத் தெரியாதா? தங்கமான மனுஷன் நீங்க."

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். "ஏன்டா, உன் தப்ப மறைக்க அத்தான் என்கிட்டயே பொய் சொல்றார். உனக்கு வெக்கமா இல்ல?" என்று தொடங்கி வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்தப் போனைப் பிடுங்கி, அவன் காதுபட இன்னொரு முறை உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு கை நீட்டினால் எட்டும் தூரம்தான். தங்கமான மனுஷன் என்று அவள் சொன்னது காதுக்குள்ளேயே இருந்தது. நான் கையை நீட்டவில்லை.

அவள் பேசி முடித்துப் போனை வைத்தாள்.

"மன்னிப்புக் கேட்டான்" என்றாள்.