காலாவதியான செயலாளர்

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கான சங்கத்தில் செயலாளருக்கு 'ரூல்ஸ்' என்று பட்டப்பெயர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அடுத்தவர் பார்வையில் குறை கண்டுபிடிப்பதே பிழைப்பு. பொழுதுபோக்குக்கு விமானம் விடுகிறவர்களும் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் மனிதருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. மைதான அனுமதிக்குப் பத்து உறுப்பினர் வேண்டும் என்றார்கள். ஒரு ஆள் குறைந்தது. மனைவியைப் பதிவுக்கான தேர்வெழுத வைத்துக் கணக்கைச் சரிக்கட்டினார். அவளும் ஞாயிறுதோறும் அவருடைய பழைய சின்ன விமானத்தை ஓட்டிப் பழகினாள்.

மூன்று வருடம் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு அவர் செய்த பெரிய விமானம் இன்றுதான் முதன்முதலாகப் பறக்க வேண்டும். அது தன் கையால் நடக்க வேண்டும் என்பதே அவர் ஆசை. அதைப் பார்த்து மைதான அனுமதியை நீட்டிக்கத் துறை அதிகாரியும் வந்திருந்தார். வரச் சொல்லி விடாமல் கடிதம் போட்டதும் இவர்தான்.

அதிகாரி கைபேசியில் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"விமானத்தோட பதிவு சரியா இருக்கு சார். உங்க பதிவுதான் போன செவ்வாயோட முடிஞ்சிருச்சு."

"இருக்காதுங்க. எல்லாருக்கும் நானே ரெண்டு தடவை ஞாபகப்படுத்தி மெயில் அனுப்பினேன்."

அனுப்பியது உண்மைதான். பட்டியலில் அவர் பெயரும் இருந்ததால் அவருக்கும் வந்தது. சங்கத்து மெயிலை யார் படிப்பார்கள் என்று திறக்காமலே அழித்துவிட்டார். அது எவ்வளவு அறுவை என்று எழுதியவருக்குத் தெரியாதா? ஊருக்குத்தானே உபதேசம். மற்றவர்கள் எப்படிப் பொறுமையாகப் படித்தார்கள் என்பதுதான் அவருக்கு இப்போது ஆச்சரியமாக இருந்தது.

"இந்த ஒரு தடவை மட்டும்..." என்று இழுத்தார். இதே வார்த்தையைச் சொன்ன எத்தனையோ பேரை வாசலோடு திருப்பி அனுப்பியவர். சொல்லும்போதே கூசியது.

"பறக்கறதப் பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாது சார். பதிவு இருக்கிற யாராவது ஓட்டட்டும்."

மற்ற எட்டு உறுப்பினர்களும் ஆசையோடு ஓரடி முன்னால் வந்தார்கள். அவர் ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு மனசில்லாமல் மனைவியிடம் நீட்டினார்.

"விழுந்துட்டா என்னைத் திட்டக் கூடாதுங்க."

"திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஓட்டு."

விமானம் புல்லில் ஓடி எழுந்தது. கொஞ்சமாவது தடுமாறட்டும் என்று அவருடைய பாழும் மனசு ஆசைப்பட்டது. 'சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று உடனே தன்னையே ஏசிக்கொண்டார். அது தடுமாறவில்லை. இரண்டு வட்டமடித்துவிட்டு அலுங்காமல் வந்து இறங்கியது. எல்லோரும் கைதட்ட, அவரும் தட்டினார். பெருமையாக இருந்தது, வயிறும் எரிந்தது.

அதிகாரி அனுமதியில் கையெழுத்திட்டு, "பறந்ததைச் சங்கப் பதிவேட்டுல எழுதிடுங்க சார்," என்றார்.

மூன்று வருடமாக மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்த முதல் வரி அது. விமானத்தைச் செய்தவர் பெயருக்கு எங்காவது ஒரு கட்டம் இருக்கிறதா என்று பக்கம் முழுக்கத் தேடினார். இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்ததும் அவரே. ஓட்டியவர் என்ற கட்டத்தில் மனைவி பெயரை எழுதி, அடியில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டார்.