எந்தத் தோட்டம்

பண்டத்தரிப்புக்குப் போகிற வழி முழுக்க அவர் என்னைச் சோதித்துக்கொண்டே வந்தார். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகள் தொங்கின. உள்ளே உடுப்புக்குப் பதிலாக அரிசி. மலைக்குப் போகும்போது எவ்வளவு பாரம் இருக்குமோ அவ்வளவு பாரத்தை ஏற்றி இங்கேயே ஓடிப் பழகவேண்டுமாம். பின்னுக்கு நான், பஞ்சாபிச் சட்டை போட்டு, இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு. வளைவு வந்தால் "என்னோடை சேர்ந்து சரியும்" என்பார். வளைவு முடிந்தால் "இனி நிமிரும்" என்பார். யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? கீரிமலையில் பேரில்தான் மலை இருக்கிறது. ஆகவே சாவகச்சேரியிலிருந்து வருகிற வழியில் நாவற்குழிப் பாலத்தின் அந்தச் சின்ன ஏற்றத்தில் ஏறி இறங்கி, திரும்பவும் ஏறி இறங்கி, மீன் பிடித்துக்கொண்டு நின்ற ஆட்கள் எல்லாம் எங்களைப் பார்த்துச் சிரிக்கும்வரை அவர் விடவில்லை.

"இறக்கத்திலை பிரேக்கை அமத்திக்கொண்டே போனால் சூடேறிக் கைவிட்டிடும். கியரிலைதான் இறங்கவேணும். அப்ப வண்டி இழுத்துப் பிடிக்கும். நீர் முன்னுக்குச் சறுக்கி என்ரை முதுகிலை விழப்படாது, என்ன?"

"ஓம்" என்றேன். என் மனம் அந்த நேரம் பிரேக்கில் இல்லை.

அவர் சிவதர்ஷன், என் மனிசன். சாவகச்சேரியில் ஃபிரிட்ஜ் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். வருசாவருசம் கூட்டாளிமாரோடு மலையகம் போவார். குளிரில் நின்று படம் எடுத்துப் போட்டுவிட்டு, தொண்டை கட்டி வந்து சேருவார். இந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னதும் கூட்டாளிமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. தனோஜன் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்துகொண்டு, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணை, பெண்டுகளை ஏத்திக்கொண்டு அந்த வளைவுகள் ஏறேலாது. அக்கா பயத்திலை உங்களைக் கட்டிப்பிடிச்சால் ரெண்டு பேரும் பள்ளத்திலைதான்."

நான் பிறந்ததே அந்த வளைவுகளுக்குள்தான் என்று சொன்னேன். வந்திருந்த எல்லாரும் கப்பைப் பார்த்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள். தெரியாத விசயம் இல்லை. தெரிந்ததை ஒருத்தி வாயைத் திறந்து சொல்லிவிட்டாளே என்ற கூச்சம். மச்சாள் உதயகலா அதைவிட ஒரு படி மேலே போனாள். "அங்கை போய் ஆரைப் பாக்கப்போறியள்? உதுகளைக் கிளறினால் நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்கை தோட்டக்காட்டாளின்ரை மகள் எண்டு சொல்லுவினம்" என்றாள். மகள் கம்பஸில் படிக்கிறாள். அவளுக்கு யார் பேசப்போகிறார்கள், எப்போது பேசப்போகிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. அதற்குள் நான் பிறந்த இடத்தை ஒளித்துவைத்துவிட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன, களவெடுத்த இடத்திலிருந்தா வந்தேன்?

கூட்டாளிமார் வரவில்லை. சரி, நாங்கள் இருவரும் மட்டும் போவோம் என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய எல்லாச் சோதனையையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, கினிகத்தேனை, அட்டன். அதுவரைக்கும் அவருடைய கைபேசியில் நீலக்கோடு ஒன்று வளைந்து வளைந்து போனது. எங்கே தங்குவது, எங்கே பெற்றோல் அடிப்பது, எந்த வளைவில் பின்னேரம் பனிமூட்டம் இறங்கும் என்று எல்லாம் கணித்துவிட்டார். அட்டனுக்கு அங்கால் கோடு இல்லை. "அதுக்கங்காலை நீர்தான் சொல்லவேணும்" என்றார். நான் என்னத்தைச் சொல்ல? ஏழு வயதில் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வரிசையாகக் கட்டிய லய வீடுகளுக்கு முன்னால் ஒரு பீலி இருந்தது, மூங்கில் குழாயில் தண்ணீர் வந்து விழும், அதற்குக் கீழே நின்று அம்மா எனக்குத் தலை தேய்த்துவிடுவா. அது ஞாபகம் இருக்கிறது. ஆனால் பீலி இல்லாத தேயிலைத் தோட்டம் எது? இரண்டு பேரும் குந்தியிருந்து கைபேசியைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தோம். பச்சை, பச்சை, அதற்குள் தகரக் கூரைகள், திரும்பவும் பச்சை.

தோட்டத்தின் பேரைத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். குணலட்சுமி ரீச்சர். என்னை வேலைக்கு எடுத்து வைத்திருந்தவர். முன்பும் பல தடவை கேட்டிருக்கிறேன். "அட்டன் பக்கம் எங்கையோ" என்பார். "இனி அறிஞ்சும் என்ன?" என்பார். ஏனென்றால் எனக்கு அங்கே ஒருவரும் இல்லை. மழையில் மண் சரிந்து லயமே போய்விட்டது, அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்விட்டார்கள் என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ரீச்சர் சொல்லியிருந்தார். எனக்கு வேண்டியது வேறொன்றுமில்லை. அந்த மண்ணில் நின்று ஒரு கட்டிச் சூடம் கொளுத்தவேண்டும். அதற்குப் பேர் வேண்டும்.

பண்டத்தரிப்பில் ரீச்சரின் வீட்டுக் கேற்றைத் திறக்கும்போது இப்போதும் எனக்குக் கை தானாகக் கொண்டியைச் சத்தமில்லாமல் தூக்கும். ரீச்சரின் மனிசன், ஐயா, பின்னேரம் நித்திரை கொள்கிற நேரத்தில் பழகிய பழக்கம். ஐயா செத்துப் பல வருசமாகிறது. மகள் சுபாஜினி லண்டனில். அந்தக் காசில் நிலம் முழுக்க மாபிள். ரீச்சர் தடியோடு வந்து கதிரையில் இருந்தார். என்னைக் கண்டு சந்தோசப்பட்டார், அதில் பொய் இல்லை. எங்கள் பைகளைப் பார்த்து, "மலைக்கோ? வரேக்கை நல்ல தேயிலை ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வா பவளம்" என்றார். அடுத்த சொல், "முதல் ஒரு தேத்தண்ணி போடன்."

நான் குசினிக்குள் போனேன். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தாலும் குசினிக்குள்தான் போவேன். என் காலுக்கு அதுதான் தெரியும்.

என் பேர் பவளம் இல்லை. லெட்சுமி. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்தப் பேர் போய்விட்டது. ஐயா ரீச்சரை லட்சுமி என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்காரிக்கும் வேலைக்காரப் பிள்ளைக்கும் ஒரே பேர் இருந்தால் எப்படி? "லட்சுமி, கக்கூசைக் கழுவு" என்று அந்த வீட்டில் யார் கத்துவது? அயலட்டை கேட்டால் என்ன நினைக்கும்? பவளம் என்று வைத்தார்கள். பிறகு அடையாள அட்டைக்கும் அதையே கொடுத்தார்கள். என் கலியாணத்தில் ஐயரும் அதைத்தான் சொன்னார். பிள்ளையை நாய்க்குட்டி மாதிரிக் கொண்டுவந்து பேர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவே நாற்பது வயதாகிவிட்டது.

கேத்தில் தண்ணீர் இரையத் தொடங்கியது. முன்னுக்கு அவர் ரீச்சருக்குக் கைபேசியைக் காட்டிக்கொண்டிருந்தார். தன் நீலக்கோட்டை யாருக்காவது காட்டாவிட்டால் அவருக்குப் பத்தியப்படாது. "மழைக்கு முன்னம் போட்டு வந்திடவேணும் ரீச்சர். உந்த மண்சரிவுக்குத்தான் பயம். அதுசரி, இவவின்ரை ஆக்கள் எண்டு தூரத்துச் சொந்தம்கூட ஒருத்தரும் பிறகு தேடேல்லையோ?"

"ஏன் தேடாமல்?" என்றார் ரீச்சர். "சண்டை நிண்டு பாதை திறந்த நேரம் இவளின்ரை தேப்பன் வந்து நிண்டவன் எல்லே."

கேத்தில் இரைந்துகொண்டே இருந்தது. நான் காஸை நிற்பாட்டினேன்.

"கறுத்து மெலிஞ்ச ஆள். உந்தக் கேற்றடியிலை நிண்டு, எங்க லெட்சுமி இருக்குதுங்களா அம்மா எண்டான். லெட்சுமி எண்டு ஒருத்தியும் இஞ்சை இல்லை எண்டன். பொய்யே தம்பி? ஆர் இவளை இஞ்சை அந்தப் பேரிலை கூப்பிட்டது? சுபாஜினியின்ரை கலியாணத்துக்கு ரெண்டு கிழமைதான் கிடந்தது. பலகாரச் சூடு, பந்தல், வீடு நிறையச் சனம். இவளையும் அனுப்பிப்போட்டு நான் என்ன செய்யிறது? ஆனால் வெறும் வயித்தோடை அனுப்பேல்லை. தேத்தண்ணி குடுத்துத்தான் விட்டனான்."

அந்தக் கடைசி வசனத்தை ரீச்சர் சொன்ன விதம்தான் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது. கோயிலுக்கு அன்னதானம் கொடுத்ததைச் சொல்வதுபோல் சொன்னார். அந்தத் தேத்தண்ணியைப் போட்டது நானாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் வேறு யார் தேத்தண்ணி போட்டார்கள்? வாசலில் ஆரோ வந்திருக்கிறான், ஒரு தேத்தண்ணி போடு என்றிருப்பார். போட்டிருப்பேன். வேலை செய்கிற ஆட்களுக்கென்று வைத்திருந்த கோப்பையில் ஊற்றியிருப்பேன். அப்பா குடித்துவிட்டுப் போயிருப்பார். கழுவி வைத்திருப்பேன்.

"மண் சரிஞ்சு எல்லாரும் போட்டினம் எண்டு சொன்னீங்கள்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ரீச்சர் என்னைப் பார்த்தார். தான் சொன்ன பொய்யை மறந்துபோன முகம். பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அது நீ சின்னனிலை. அம்மா அம்மா எண்டு ராராவா அழுவாய். ஒரு வேலை ஓடாது. இல்லையெண்டு சொன்னாப்பிறகுதானே அடங்கினனீ. உன்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னனான் பிள்ளை."

ஆறுதல். தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கவேண்டும், தாய் இல்லாதவர்கள் சித்திரைப் பௌர்ணமிக்குப் பிடிக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே இந்த ரீச்சர்தான். பத்து வயதிலிருந்து பிடித்தேன். கீரிமலைக் கேணியில் முழுகி, கசக்கக் கசக்கக் காத்தோட்டிக்காய்ப் பொரியல் தின்று, எள்ளும் தண்ணியும் இறைக்கிற ஆண்களுக்கு நடுவில் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அந்த மனிசன் உயிரோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எங்கேயோ சாக்குத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பாதை எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உயிரோடிருந்த அப்பாவுக்கு என்னைக்கொண்டு விரதம் பிடிப்பித்த கை இது. என் நெற்றியில் விபூதி பூசிய கையும் இதுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மாபிள் நிலத்தில் எதையாவது போட்டு உடைத்திருக்கவேண்டும். ஒன்றையும் உடைக்கவில்லை. உடைத்தால் நானே கூட்டிவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எந்தத் தோட்டம் எண்டு சொன்னவரோ?" என்றேன்.

"சொல்லியிருப்பான். இருபது வருசத்துக்கும் முன்னத்தைக் கதை. எனக்கு இப்ப என்ரை பேரே மறந்துபோகுது." ரீச்சர் தடியைக் கைமாற்றிப் பிடித்தார். "இஞ்சை இல்லையெண்டு சொன்னாப்பிறகும் அவன் போகேல்லை. உந்த ஒழுங்கையிலை ஒவ்வொரு கேற்றாத் தட்டினவன். ஆருக்குத் தெரியும்? லெட்சுமி எண்டால் ரீச்சர்தானே எண்டு சனம் சிரிச்சிருக்கும். அந்தத் தொங்கலிலை இரத்தினம்மா வீட்டிலைதான் கனநேரம் இருந்து கதைச்சவனாம். அவள் பிறகு என்னட்டை வந்து கேட்டவள். நான் ஒண்டும் சொல்லேல்லை."

அவர் எழும்பிவிட்டார், என் மனிசன். முகம் சிவந்து போயிருந்தது. ஒரு நாளும் யாரோடும் சத்தமாகக் கதைக்காத ஆள். "ரீச்சர், நீங்கள் படிப்பிச்ச ஆள்" என்று மட்டும் சொன்னார். வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

"ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்றேன். "உருட்டிக்கொண்டு வாங்கோ."

அப்பா தட்டியதுபோலவே நானும் முதல் கேற்றிலிருந்து தட்டத் தொடங்கினேன். ஒரு இளம் பொடிச்சி எட்டிப் பார்த்தாள். "சமாதான காலத்திலை ஒரு மனிசன் லெட்சுமி எண்டு கேட்டு இந்த ஒழுங்கைக்கு வந்தவர். வீட்டிலை ஆருக்கும் ஞாபகம் இருக்கோ?" அவள் தாங்கள் வாடகைக்கு வந்த ஆட்கள் என்றாள். இரண்டாவது வீட்டில் பூட்டுத் தொங்கியது, கனடாக்காரர் வீடு. அடுத்ததில் நாய் வந்து குலைத்தது. நான் தட்டிக்கொண்டேயிருந்தேன். வெயிலில் வெந்த கேற், தகரக் கேற், புதிதாகப் பெயின்ற் அடித்த கேற். அப்பா தட்டியபோது இவற்றில் பாதி தகரப் படலையாகத்தான் இருந்திருக்கும்.

ரீச்சர் தடியை ஊன்றிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்துவிட்டார். "பவளம், உதென்ன வேலை? உள்ளுக்கை வா. சனம் பாக்குது. மகள் மாதிரி வளர்த்ததுக்கு நீ எனக்குச் செய்யிறது இதுவே?"

நான் திரும்பினேன். "மகளின்ரை கலியாணத்துக்குப் பலகாரம் சுடத்தானே ரீச்சர் என்னை ஒளிச்சு வைச்சனீங்கள்" என்றேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஒருவர் விளக்குமாற்றை நிற்பாட்டிவிட்டு ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் அதற்குமேல் நடக்கவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒழுங்கையின் தொங்கலுக்கு, கடைசி வீட்டடிக்கு, வந்துவிட்டோம். எனக்குப் பின்னால் அரிசி நிறைந்த பைகளோடு மோட்டார் சைக்கிளை உருட்டி உருட்டி அவருக்கு மூச்சு வாங்கியது. இரத்தினம்மாவின் வீட்டுக் கேற் துருப்பிடித்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. தட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் தட்டினேன். உள்ளே எங்கேயோ ரேடியோவின் சத்தம் குறைந்தது. செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற காலடி மெதுவாகக் கிட்ட வந்தது.

"ஆரது?"

"லெட்சுமி" என்றேன்.

காலடி நின்றது. பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு கை கொண்டியைப் பிடித்து இழுப்பது கேட்டது. துரு ஏறிய கொண்டி, இலேசில் கழலவில்லை. நான் இந்தப் பக்கம் நின்று கேற்றை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன்.