விரிப்பின் மறுமுனை

கொதிகலனுக்குத் தீ மூட்டும்போது வெளியே இன்னும் விடிந்திருக்காது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த படுக்கை விரிப்புகள் சலவைக்கூடத்தில் மலையாய்க் குவிந்து கிடக்கும். ரத்தம், வியர்வை, மருந்து நெடி என்று ஊராரின் உபாதையெல்லாம் அதில் இருக்கும். அத்தனையையும் வெளுத்துப் பிழிந்து, துணியைத் தேய்த்து உலர்த்தும் சூட்டு உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை இரண்டிரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். சுடச்சுடப் பிடித்துப் பிடித்து அங்கே வேலை செய்கிறவர்களுக்கு விரல் நுனியில் ரேகையே தேய்ந்துவிட்டது. "நாம திருடப் போனா ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது" என்று வாயாடி முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வாயாடி என்பது கூடம் அவளுக்கு வைத்த பெயர். இப்போது அந்தப் பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. பிள்ளை பெற்று ஐந்தாவது வாரமே வேலைக்குத் திரும்பியவள், வந்த நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு மறுமுனை பிடிப்பவள் நெட்டையக்கா. பல வருஷ ஜோடி. மடிக்கும்போது பேச்சே தேவையில்லை. ஒருத்தியின் இழுப்பு மற்றவள் கைக்குத் தெரிந்துவிடும். தலைவலியா, புருஷனோடு சண்டையா, எல்லாம் துணிவழியே வந்து சேரும். "என்னடி, முழுகாம இருக்கியா?" என்று நெட்டையக்கா கேட்டபோது வாயாடிக்கே அது நிச்சயமாகத் தெரியாது. புருஷனுக்கு முன்னால் துணிக்குத் தெரிந்த சேதி அது.

நாலாவது மாடியில் இரண்டு அறை. வாயாடியும், சரக்கு வண்டி ஓட்டும் அவள் புருஷனும் கடன் வாங்கி வாங்கிய வீடு. பிரசவ லீவில் பாதிச் சம்பளம்தான் என்பதால், அந்த மாதங்களுக்குத் தவணையை நிறுத்திவைக்க முடியுமா என்று வங்கியில் கேட்டார்கள். "தாராளமா. ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும்" என்றார் வங்கிக்காரர். "பாத்தியா, வட்டிக்கு மட்டும் பிரசவ லீவே கிடையாது, குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்" என்று படியிறங்கும்போது புருஷன் சொன்னான். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

வங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டது: லீவு முடிந்து வந்தால் வேலை இருக்கும் என்று முதலாளி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாயாடி அவரைத் தொலைபேசியில் கேட்டபோது, "அதெல்லாம் இப்பவே எப்படிச் சொல்றது?" என்றுவிட்டார் மனுஷன். தவணை நிற்கவில்லை. வீடா, பிள்ளையா என்று ஆகிவிட்டது. பச்சை உடம்புக்காரி பிள்ளையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். பால் கட்டி நெஞ்சு வலிக்கும்போது கழிவறைக்குப் போய்ப் பீச்சிவிட்டு வருவாள். இரண்டு தெரு தள்ளிப் பிள்ளை புட்டிப்பாலுக்கு முகம் சுளிக்க, இங்கே தாய்ப்பால் சாக்கடையில் போயிற்று. கேட்கவே வயிறு எரிகிறதா இல்லையா?

அன்றும் வலித்தது. உருளை நிற்காமல் ஓடியது. விரிப்பின் நடுமடிப்பை நெஞ்சோடு அணைத்துத்தான் மடிக்க வேண்டும், வேறு வழியில்லை. அணைத்து எடுத்தபோது வெள்ளைத் துணியில் இரண்டு வட்டமாய் ஈரம் ஊறியிருந்தது.

முதலாளியின் கண்ணில்தான் அது முதலில் பட்டது.

"என்னம்மா இது? ஆஸ்பத்திரிக்குப் போற துணி. முடியலைன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே? உன்னை யாரு வரச் சொன்னா?"

"வீட்ல இருக்கத்தான் சார் கேட்டேன்" என்றாள் வாயாடி.

இத்தனை நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. உருளைச் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்டது.

"ஒரு வார்த்தைதான் சொல்லச் சொன்னேன். வாய் வரலையே உங்களுக்கு."

"நாளைக்கு ஆர்டர் இருக்குமோ என்னமோ, நான் எப்படி வாக்குக் குடுக்கிறது?"

"ஏன் சார்," நெட்டையக்கா குறுக்கிட்டாள், "நாளையிலேருந்து ஊர்ல யாரும் படுக்கையே விரிக்க மாட்டாங்களா?"

இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. "நீ அழுக்குத்துணி பிரிக்கிற பக்கம் போ" என்றார் வாயாடியிடம். சீழும் ரத்தமுமாய் வருவதைக் கையால் பிரிக்கிற இடம் அது. "ஏய் புதுப்பொண்ணு, வந்து அந்த முனையைப் பிடி."

புதுப்பொண்ணு வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகிறது. பயந்துகொண்டே வந்து பிடித்தாள். உதறி, இழுத்தாள். நெட்டையக்காவின் கை நின்றது. இன்னொரு முறை இழுக்கச் சொன்னாள். பிறகு அவள் முகத்தையே பார்த்தாள்.

"எத்தனை மாசம்டி உனக்கு?"

புதுப்பொண்ணு விரிப்பை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "அக்கா, சொல்லிடாதீங்க அக்கா. தெரிஞ்சா அனுப்பிடுவாங்க" என்றவள், முதலாளி பக்கத்திலேயே நிற்பது நினைவுக்கு வந்து விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

நெட்டையக்கா தன் முனையைத் தரையில் விட்டாள். அடுத்த ஜோடி விட்டது. அதற்கடுத்ததும். உருளை துப்பிய விரிப்புகள் ஏந்த ஆளில்லாமல் தரையில் சரிந்தன. கொதிகலன்காரர் யாரும் சொல்லாமலே தீயைத் தணித்தார்.

"ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல நிக்குது. விளையாடாதீங்க!" என்றார் முதலாளி.

"நீங்க ஒரு முனை பிடிங்க சார், எழுத்தர் ஒரு முனை பிடிக்கட்டும்" என்றாள் வாயாடி. முதலாளிக்குப் பின்னால் கணக்கு நோட்டோடு நின்ற எழுத்தர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். "பிள்ளை பெத்துக்கப் போறவ யாரா இருந்தாலும், திரும்பி வந்தா வேலை உண்டுன்னு சொல்லுங்க. எனக்குச் சொல்றதுதான் இவளுக்கும், இனி வர்றவளுக்கும். அதுவரைக்கும் ஒரு துணி மடியாது."

"எல்லாருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திடுவேன்."

"சாத்துங்க. உள்ளே கிடக்கிற துணி தானா மடிஞ்சுக்குமா?"

எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அதற்குள் யாரோ தகவல் சொல்லி, நாத்தனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தாள். அழுது அழுது தொண்டை கம்மிப் போயிருந்தது பிள்ளைக்கு. மறைவிடம் இல்லை. நெட்டையக்கா ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். புதுப்பொண்ணு மறுமுனையைப் பிடித்தாள். அதன் பின்னால் வாயாடி உட்கார்ந்தாள்.

பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாயின் மணமே மறந்துபோன மாதிரி, முதலில் முகம் சுளித்த புட்டிக்கே பழகிப்போய் அதற்கு ஏங்கியது. வாயாடி அழுதாள், ஐயோ, பிரசவ வலிக்கும் அவள் அப்படி அழுதிருக்க மாட்டாள். விரிப்பு பிடித்திருந்த இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, கையும் தளரவில்லை. வெகுநேரம் கழித்துப் பிள்ளை சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

வங்கித் தவணை அப்படியேதான் இருக்கிறது. உள்ளே முதலாளி வேறு ஆட்களுக்காகத் தொலைபேசியில் கத்திக்கொண்டிருக்கிறார். நாளைக்கு என்ன ஆகும் என்று முற்றத்தில் யாருக்கும் தெரியாது.

விரிப்புக்குப் பின்னாலிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு குரல் வந்தது. "யக்கா, நீங்க பாட்டுக்கு உங்க உசரத்துக்குத் தூக்கிப் பிடிச்சா கீழே எல்லாம் தெரியுது. கொஞ்சம் இறக்குங்க."

"வந்துட்டாடி வாயாடி!" என்றாள் நெட்டையக்கா. சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புதுப்பொண்ணின் உயரத்துக்குத் தன் முனையை இறக்கிப் பிடித்துக்கொண்டாள்.