இரவல் ஸ்பிரேயர்

வயலின் மேற்கு மூலையில் ஒரு பூச்சிகூட இல்லை. சாலமோனுக்கு அது சரியாகப் படவில்லை.

முந்தாநாள் வரை நெல் தூரெல்லாம் புகையான் பூச்சி மொய்த்துக் கிடந்தது. நேற்று வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தான். அது பூச்சியை மெல்ல மெல்லத்தான் விரட்டும், இப்படி ஒரே நாளில் துடைத்துப் போடாது. குனிந்து பார்த்தான். வேப்பங்கொட்டை ஒன்றும் செய்யாத சிலந்திகளும் செத்து மிதந்தன. மற்ற இடமெல்லாம் பூச்சி சுகமாகத்தான் இருந்தது. முதல் டேங்க் அடித்த மூலை மட்டும் சுத்தம்.

ஸ்பிரேயர் அவனுடையது இல்லை. பக்கத்து வயல் கேசவனிடம் மனைவி மேரி இரவல் வாங்கி வந்தது. கேசவன் பூச்சிமருந்து அடிக்கிறவன். அடியில் மிச்சமிருந்த மருந்தோடு, கழுவாமல் கரைசலை ஊற்றியிருக்கிறான் மகா புத்திசாலி சாலமோன்.

மருந்து போட்டால் அச்சரப்பாக்கம் மண்ணில் ஏக்கருக்கு இருபத்தெட்டு மூட்டை. இயற்கை விவசாயத்தில் பதினாறு. மருந்தே படாமல் இருந்து மூன்றாம் வருடம் இயற்கைச் சான்று கிடைத்தால் கேளம்பாக்கம் ஃபிளாட்காரர்கள் தரும் விலையில் அந்தப் பதினாறே இருபத்தெட்டைத் தாண்டும். அதை நம்பித்தான் இரண்டு வருடம் வாயைக் கட்டி வாழ்ந்தார்கள். இது மூன்றாம் வருடம். இன்றைக்குத்தான் சான்றுக்கான வயல் பார்வை.

"வாயத் தொறக்காத. தெரிஞ்சா மறுபடி மொதல் வருசத்துலேர்ந்து எண்ணணும். இன்னொரு மூணு வருசம் நம்மால தாங்காது. நெலத்த வித்துட்டுத்தான் போவணும்" என்றாள் மேரி.

பார்வைக்கு அதிகாரி வருவதில்லை. சான்றுக்கான குழுவில் இருக்கும் ஐந்து விவசாயிகளில் ஒருவர் வயலை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று பிரபாவதியின் முறை. வரப்பில் நடந்து வந்தவள் மேற்கு மூலையில் நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணே அடிச்ச? இங்க மட்டும் சுத்தமா கீது!"

"வேப்பங்கொட்டைதாம்மா." சாலமோன் அந்த மூலையைப் பார்க்கவில்லை.

"என் வயலெல்லாம் பூச்சி தின்னுகினு கீது. மிச்சம் இருந்தா குடு." வரப்பில் கிடந்த ஸ்பிரேயரை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே மிச்சக் கரைசல் சளசளத்தது. சந்தோஷமாகத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பிரபாவதிக்குச் சான்று போன வருடமே வந்துவிட்டது. மகளின் காலேஜ் செலவு அந்த நெல்லில்தான் நடக்கிறது. சாலமோன் ஓரடி முன்னால் வைத்தான். மேரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எறக்கு!" என்று கத்திவிட்டான். "அத எறக்கும்மா. அது கேசவனோடது. கழுவாம அடிச்சிட்டேன்."

பிரபாவதி ஸ்பிரேயரைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். பிறகு பார்வைப் படிவத்தை எடுத்து, 'மூன்றாம் வருடம்' என்றிருந்ததை அடித்து 'முதல் வருடம்' என்று எழுதி, அவனிடம் நீட்டினாள்.

"மன்னிச்சிக்கண்ணே. எழுதாம வுட முடியாது."

அவன் கையெழுத்துப் போட்டான். மேரி படிவத்தைப் பார்க்கவில்லை. கேசவன் வயலைத் தாண்டி, யாரோ விற்ற நிலத்தில் நட்டிருந்த வீட்டுமனைக் கற்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.