எஞ்சினுக்குக் காய்ச்சல்

ஐம்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதம். கல்முனையில் பக்கீர் முகைதீன் முதலாளியின் நெல் மில்லுக்கு முன்னால் மாட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. இறக்காமத்து நெல் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்க, எஞ்சினோ மூன்றாவது நாளாகவும் கொதித்து ஆவி கக்கிக்கொண்டிருந்தது.

எஞ்சின்காரன் றவூபுக்கு அழுகை வராத குறை. உலகச் சண்டைக்காலத்தில் திருகோணமலையில் பட்டாளத்து லொறிகளைக் கழற்றிப் பூட்டியவன். இந்த எஞ்சினுக்கு உயரமான மேடையில் தண்ணீர்த் தாங்கி வைத்து, இரண்டு குழாய் இழுத்ததும் அவன்தான். சூடேறிய தண்ணீர் மேல் குழாயால் தாங்கிக்கு ஏறும். ஆறிய தண்ணீர் கீழ்க் குழாயால் எஞ்சினுக்கு இறங்கும். காலையில் முடுக்கினால் பின்னேரத்து அஸர் பாங்கு வரை நிற்காது என்று ஊரெல்லாம் வீம்பு பேசித் திரிந்தான். இப்போது அந்த வாயைத் திறக்க முடியவில்லை.

"என்ன தம்பி, உன்ட எஞ்சினுக்குக் காய்ச்சலா? கொத்தமல்லி அவிச்சிக் குடு," என்றாள் நெல்லோடு காத்திருந்த நாச்சியா.

"சும்மா இரிங்க ராத்தா."

முதலாளி சிரிக்கவில்லை. "றவூப், வியாழக்கிழமையும் கொதிச்சா உன்ட இடுப்பில தொங்குற மில் கதவுத் திறப்ப என்ட கையில தந்திட்டுப் போ. நான் வேற ஆள் பாக்கிறன்."

அன்று செவ்வாய்.

மூன்று நாளும் ஒரே கூத்து. பின்னேரம் தளும்பத் தளும்ப விட்டுப் போகிற தாங்கி, விடிந்தால் அரைவாசி. மேல் குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே காற்றில் நின்றால் சுற்று எப்படி ஓடும்? கிணற்றிலிருந்து இறைத்து நிரப்ப நடுப்பகல் லுஹர் ஆகும். அதுவரை பொறுக்காமல் முதலாளி முடுக்கச் சொல்வார், எஞ்சின் கொதிக்கும். எங்கே ஒழுகுகிறது என்று றவூப் மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டுக் கசிவில்லை.

புதன்கிழமை விடியற்காலைச் சுபஹுக்கு முன்பே போய் மதிலோரம் நின்றான். தாங்கியைக் கழுவி விடுவதற்கென்று அவன் அடியில் வைத்த பைப்படியில், பள்ளிவாசலுக்குப் போகிற ஆட்கள் இருபது பேர் வரிசையாக நின்று, பைப்பைத் திறந்தே விட்டு, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒழு எடுத்துக்கொண்டிருந்தார்கள்! மாசிப் பனியில் பள்ளித் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும். எஞ்சின் தண்ணீரோ முதல் நாள் ஓடிய சூட்டில் இதமாக இருந்தது. வரிசையின் தலைப்பில் சாறனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் கழுவியவர் வேறு யாருமில்லை, முதலாளியேதான்.

றவூபுக்குக் கோபம் வந்து, அதற்கு மேலே சிரிப்பு வந்தது. "முதலாளி, காய்ச்சல் எங்கிருந்து வந்தெண்டு இப்ப விளங்கிட்டு."

முதலாளி திருதிருவென்று விழித்தார். "குளிர் தம்பி… நான் ஒரு செம்புதானே எடுத்த."

"ஓம், ஆளுக்கு ஒரு செம்புதான்."

பைப்பைப் பூட்டுவது சின்ன வேலை. ஆனால் கிழவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகு றவூபுக்கு மனம் வரவில்லை. அன்று பகல் முழுக்க மினக்கெட்டான். செப்புக் குழாய்க்குள் காய்ந்த கடல் மணலை அடைத்து, நெளியாமல் தென்னங்குற்றியில் சுருள் சுருளாகச் சுற்றி, மணலைக் கொட்டிவிட்டு ஒரு பீப்பாவுக்குள் இறக்கினான். இனி எஞ்சினின் சூட்டுத் தண்ணீர் அந்தச் சுருளுக்குள்ளால் போய்த்தான் தாங்கிக்கு ஏறும். பீப்பாத் தண்ணீர் ஒழுவுக்கு; அது சூடாகும், எஞ்சின் தண்ணீர் ஆறும். ஒன்றோடொன்று கலக்காது. தாங்கியைத் தளும்ப நிரப்பி, அடிப் பைப்பை இறுக்கிப் பூட்டினான்.

வியாழன் விடிந்ததும் முடுக்கினான். லுஹர் தாண்டியது. நெல் மூட்டைகள் அரிசியாகி வண்டி ஏறின. றவூப் அடிக்கடி கீழ்க் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கை அங்கேயே நின்றது, சுடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அஸர் பாங்கு கேட்டது. வண்டிக்காரர்கள் கூக்காட்டினார்கள். நாச்சியா சுளகைத் தட்டி, "காய்ச்சல் விட்டுட்டுடா!" என்று கத்தினாள். றவூபுக்குக் கண் நிறைந்து போயிற்று. அவன் அதை மறைக்கவுமில்லை.

முதலாளி பீப்பாவில் ஒழு எடுத்து, ஈரக் கையோடு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். "திறப்பு உன்ட இடுப்பிலயே கிடக்கட்டும் றவூப்."

"அது கிடக்கும் முதலாளி. ஆனா ஒழு எடுத்தவங்க பீப்பாக்கு ஒரு வாளி ஊத்தணும்."

பக்கீர் முகைதீன் முதலாளி சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக் கிணற்றடிக்கு நடந்தார்.